பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 - ஜூலை 8, 2003) கொல்லிமலையில் வளர்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். தொழுநோயால் முடங்கிய கைகளையும் கால்களையும் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் மீண்டும் இயங்கச் செய்ததற்காக உலகெங்கும் அறியப்பட்டார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு இழந்ததால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதை நிறுவியவர்களுள் இவர் முதன்மையானவர். இக்கண்டுபிடிப்பு இன்று நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் காப்பதற்கும் அடிப்படையாக விளங்குகிறது.

கொல்லிமலையில் இளமை

பிராண்டின் பெற்றோர் ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் ஆகிய இருவரும் பாப்டிஸ்ட் சபையின் மதபோதகர்கள். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையில் வாழவந்தி என்னும் இடத்தில் இவர்கள் வீடு கட்டிக் குடியேறினர். அக்காலத்தில் மலைக்குச் சாலை கிடையாது. சேந்தமங்கலம் பக்கத்துச் சமவெளியிலிருந்து நடந்தோ டோலியிலோதான் மேலே செல்ல வேண்டும். மலைக் காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் இரவில் அங்குத் தங்கத் தயங்கினர்.

ஜெசி பிராண்ட் கட்டடத் தொழில் அறிந்தவர். இலண்டனில் ஓராண்டு அடிப்படை மருத்துவப் பயிற்சியும் பெற்றிருந்தார். பல் பிடுங்குதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் முதல் தச்சு வேலை கற்பித்தல் வரை அனைத்தும் அவர் வேலையாக இருந்தன. மலை மக்களை வாட்டிய நரம்புச் சிலந்தி நோய், குடிநீர்க் கிணற்றில் மக்கள் கால் நனைப்பதால் பரவுவதை அறிந்து, கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டச் செய்தார். இந்நோய் இந்தியாவில் முற்றாக ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2000 ஆம் ஆண்டில்தான் சான்றளித்தது.

பாலும் அவருடைய தங்கை கானியும் மலைச் சிறுவர்களோடு வளர்ந்தனர். தமிழ் பேசினர், மரம் ஏறினர், செருப்பின்றித் திரிந்தனர். தாயார் இவர்களுக்கு வீட்டிலேயே பாடம் கற்பித்தார். பிராண்ட் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் தொழுநோய் முற்றிய மூவர் மலையேறி வந்தனர். எவரையும் தொட்டு மருத்துவம் பார்க்கும் தந்தை அன்று மட்டும் கையுறை அணிந்து அவர்களது பாதங்களைக் கழுவிக் கட்டினார். அவர்கள் அமர்ந்த இடத்தின் அருகே செல்லக் கூடாது என்று குழந்தைகளுக்குத் தாயார் கட்டளையிட்டார். பின்னாளில் பிராண்ட் பலமுறை நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது.

1923 ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், படிப்புக்காகத் தங்கையுடன் இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். பாட்டி, அத்தைமார் வீட்டில் வளர்ந்தார். பெற்றோர் மீண்டும் மலைக்குத் திரும்பினர். ஜூன் 1929 இல் ஜெசி பிராண்ட் மலேரியாவின் கடும் வடிவமான கருநீர்க் காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கப்பல் அஞ்சல் தாமதமாக வந்த காலம் அது. தந்தை இறந்த செய்தி தந்தியில் வந்த பின்னரும், அவர் உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் சில வாரங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன.

கட்டடத் தொழிலிலிருந்து மருத்துவம்

பள்ளிப் படிப்பில் பெரிய நாட்டம் இல்லாத பிராண்ட், மலைக்குத் திரும்பித் தந்தையின் பணியைத் தொடர எண்ணிக் கட்டடத் தொழில் கற்றார். ஐந்து ஆண்டுகள் கல் தச்சு, மரத் தச்சு, கொத்து வேலை ஆகியவற்றில் பயிற்சி பெற்றார். மருத்துவம் படிக்கும் விருப்பம் அவருக்கு இருக்கவில்லை. மலையில் கண்ட சீழும் குருதியும் அவருக்கு அருவருப்பையே தந்திருந்தன.

மதபோதகர்களுக்கான ஓராண்டு மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தபோது இந்நிலை மாறியது. மருத்துவமனை ஒன்றில், குருதி இழந்து உயிர் பிரியும் நிலையில் கொண்டுவரப்பட்ட இளம்பெண் ஒருவர், குருதி ஏற்றப்பட்டதும் கண்முன்னே நிறம் திரும்பிக் கண் விழித்ததை அவர் கண்டார். அதன் பின் 1937 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943 இல் மணந்தார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் இலண்டன் மருத்துவமனைகளுக்கு வந்து குவிந்த காயங்களே அவருக்கு அறுவைப் பாடமாக அமைந்தன. கிரேட் ஆர்மண்ட் தெருவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையிலும் பணியாற்றினார். 1945 இல் அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார்.

கட்டடத் தொழிலில் கழித்த ஐந்து ஆண்டுகள் வீணாயின என்று அவர் அப்போது கருதியிருக்கக் கூடும். ஆனால் அவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் மருத்துவரின் கண்ணைவிடத் தச்சரின் கண்ணே முந்தி நிற்பதைக் காணலாம். எவ்வளவு விசை, எங்கு விழுகிறது, எத்தனை முறை விழுகிறது என்பவையே அவர் எப்போதும் எழுப்பிய கேள்விகள்.

வேலூருக்கு வருகை

ஐடா ஸ்கடர் 1900 ஆம் ஆண்டு வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை, 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் பின்னர்ப் பட்டப்படிப்புக் கல்லூரியாகவும் வளர்ந்தது. 1940களில் பல்கலைக்கழக இணைப்பைத் தக்கவைக்க உயர் தகுதி பெற்ற ஆசிரியர்கள் உடனடியாகத் தேவைப்பட்டனர். அப்போது கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன். அவருடைய அழைப்பை ஏற்றுப் பிராண்ட் 1946 இன் இறுதியில் வேலூர் வந்தார். மார்கரெட் குழந்தைகளுடன் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். ஓர் ஆண்டுக்கு மட்டும் என்று எண்ணி வந்தவர் 1966 வரை தங்கிவிட்டார்.

செங்கல்பட்டில் ஒரு கை

1947 இல் காக்ரேன், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குப் பிராண்டை அழைத்துச் சென்றார். (1955 இல் இந்நிறுவனத்தை மத்திய அரசு ஏற்றது.) நோயாளிகளின் கைகள் விரல் மடங்கிக் கழுகின் நகம் போல் வளைந்திருந்தன. பல கைகளில் விரல்களே இல்லை. எலும்பு அறுவை மருத்துவர்கள் எவரேனும் இவற்றை ஆராய்ந்துள்ளனரா என்று பிராண்ட் வினவினார். இல்லை என்பதே விடை. இளம்பிள்ளை வாதத்தால் முடங்கிய கைகளைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் நடந்திருந்தன. அதைவிட மிகுதியானோரை முடமாக்கிய தொழுநோயின் கையை அறுவை மருத்துவம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வளைந்த விரல்களுடன் நின்ற ஒருவரிடம் தம் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். வலுவிழந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு, நகங்கள் தோலில் பதியுமளவுக்கு இறுக்கமான பிடி கிடைத்தது. வெளித்தோற்றத்தில் முற்றும் செயலிழந்த அந்தக் கையில் வலிமை மிக்க தசைகள் எஞ்சியிருந்தன. எவை இறந்தன, எவை பிழைத்தன என்ற கேள்வி அங்கே பிறந்தது.

பிராண்டும் அவருடைய குழுவினரும் பெரும் எண்ணிக்கையிலான நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்துப் பதிவு செய்தனர். முடக்கம் கண்டபடி நிகழவில்லை, ஓர் ஒழுங்கில் நிகழ்கிறது என்பது தெரிய வந்தது. உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் முடங்குகின்றன. முன்கையில் உள்ள பெருந்தசைகளில் பெரும்பாலானவை நலமாக உள்ளன. இறந்த நோயாளி ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது காரணமும் புலப்பட்டது. முழங்கைக்கு மேல், மணிக்கட்டுக்கு மேல், முழங்காலின் புறத்தே, கணுக்காலருகே என நரம்புகள் தோலை ஒட்டிச் செல்லும் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் அவை தடித்து வீங்கியிருந்தன. தொழுநோய் நுண்ணுயிர் உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. தோலருகே உள்ள நரம்பு, ஆழத்தில் தசைகளால் போர்த்தப்பட்ட நரம்பைவிடக் குளிர்ந்தது. ஆகவே அவ்விடங்களுக்குக் கீழே கிளை பிரியும் தசைகள் முடங்கின, மேலே கிளை பெறும் தசைகள் பிழைத்தன.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. பிழைத்த தசை எதிர்காலத்திலும் முடங்காது என்று நம்பி அதை வேறு பணிக்கு மாற்றலாம் என்பதே அது.

தசைநாண் மாற்று அறுவை

தசைநாண் மாற்று பிராண்டின் கண்டுபிடிப்பு அன்று. சில கட்டுரைகள் அவ்வாறு கூறுவது பிழையாகும். போர்க் காயங்களுக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் அம்முறை முன்பே கையாளப்பட்டது. அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் அதை விரிவாக வளர்த்திருந்தார். தொழுநோயாளியின் தசைகளும் தோலும் அறுவையைத் தாங்கி ஆறும் என்று எவரும் நம்பாத காலத்தில் துணிந்து செய்து காட்டியதும், தொழுநோயின் முடக்க ஒழுங்கிற்கேற்ப முறைகளை மாற்றியமைத்ததும் பிராண்டின் பங்களிப்பு.

முதல் அறுவைகள் 1948 இல் நடைபெற்றன. தொழுநோயாளிகளின் தசை கெட்டது, அறுத்தால் ஆறாது என்பதே அன்றைய பொதுக் கருத்து. பொது மருத்துவமனையில் தொழுநோயாளிக்குப் படுக்கை தந்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவர் என்ற அச்சமும் இருந்தது. ஆகவே இழப்பதற்கு இனி ஏதுமில்லை என்ற நிலையில் இருந்த கைகளே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. புண்கள் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறின.

தொடக்கத்தில் விரலை மடக்கும் இரு தசைநாண்களுள் ஒன்றைப் பிரித்து எடுத்து, விரலின் அடிக்கணுவை மடக்கி நுனிக்கணுக்களை நீட்டும் வகையில் மறுபுறம் இணைத்தனர். பின்னர் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுள் ஒன்றை விடுவித்து, கெண்டைக்காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணால் அதை நீட்டி, நான்கு வால்களாகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் இணைக்கும் முறையைப் பிராண்ட் உருவாக்கினார். இம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பெருவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு பிடிப்பதற்குத் தனி அறுவை செய்யப்பட்டது. பாதம் தொங்கிப்போனவர்களுக்குக் கணுக்காலின் பின்புறத் தசையொன்று முன்புறம் மாற்றப்பட்டது.

அறுவையோடு வேலை முடிவதில்லை. இதுவரை மணிக்கட்டை நிமிர்த்திவந்த தசை இனி விரலை மடக்க வேண்டும் என்பதை மூளை புதிதாகக் கற்க வேண்டும். கட்டைப் பிரித்தபின் வாரக்கணக்கில் பயிற்சி தரப்பட்டது. நோயாளிகளுள் பலரே பயிற்சியாளர்களாகவும் காலணி செய்வோராகவும் ஆயினர். இலண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரி 1952 இல் பிராண்டை ஹண்டேரியன் பேராசிரியராக நியமித்தது. தொழுநோயில் கையைச் சீரமைத்தல் பற்றி அவர் அங்கு ஆற்றிய உரை அச்சில் வெளிவந்த பின்னரே உலக அறுவை மருத்துவர்கள் வேலூரை நோக்கத் தொடங்கினர்.

முகச் சீரமைப்பும் இப்பணியின் பகுதியானது. புருவ முடி உதிர்ந்திருந்தால் தொழுநோயாளி என்று ஊர் எளிதில் கண்டுகொள்ளும். ஆகவே தலைமுடியுள்ள தோலைப் புருவத்துக்கு மாற்றினர். தலைமுடியாதலால் அது வளர்ந்துகொண்டே இருந்தது. அடிக்கடி கத்தரிக்க வேண்டிய அப்புருவத்தைச் சிலர் பெருமையோடு நீள வளர விட்டனர். கண்ணிமைக்க இயலாதவர்களுக்கு மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமைக்கு மாற்றினர். அவர்கள் பல்லைக் கடிக்கும்போது கண் மூடும். இத்துறையில், தொழுநோயால் வரும் பார்வையிழப்பைத் தடுக்கும் கண் மருத்துவராக மார்கரெட் பிராண்ட் தனிப் புகழ் பெற்றார்.

நவஜீவ நிலையம்

கை சரியானவர்கள் சிலர் மகிழ்ச்சியின்றித் திரும்பி வந்தனர். விரல் வளைந்த கைக்குக் கிடைத்த பிச்சை நிமிர்ந்த கைக்குக் கிடைக்கவில்லை. வேலை தருவாரும் இல்லை, வீடு தருவாரும் இல்லை. அறுவையால் அவர்களது பிழைப்பே கெட்டிருந்தது. மருத்துவ நூல்கள் பேசாத இச்சிக்கலைப் பிராண்ட் புறக்கணிக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில், நன்கொடை ஒன்றைக் கொண்டு, வேலூர் மருத்துவக் கல்லூரியின் குடியிருப்பு வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்னும் சிற்றூரை அமைத்தார். கிராமத்து வீடுகளைப் போன்ற எளிய குடில்கள், ஒரு பட்டறை, தோட்டம் ஆகியவை அங்கு இருந்தன. பழைய தச்சரான பிராண்ட் அங்கு மர பொம்மைகள் செய்யக் கற்பித்தார். மருத்துவ மாணவர்களும் ஆசிரியர்களும் நாள்தோறும் கடந்து செல்லும் இடத்தில் தொழுநோயாளிகள் வாழ்ந்தது அச்சத்தைக் குறைத்தது.

விரல்கள் ஏன் குறைகின்றன?

தொழுநோய் விரலை அழுகச் செய்து உதிர்க்கிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. அப்படியானால் அறுவை செய்த கைகளும் காலப்போக்கில் அழியும், பிராண்டின் உழைப்பு முழுவதும் வீணாகும். எனவே இக்கேள்விக்கு விடை காண்பது அவருக்கு இன்றியமையாததாயிற்று.

துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்ட் திறக்க இயலாமல் தவித்தபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பினான். அவன் விரலில் குருதி வழிந்தது. தோலும் சதையும் கிழிந்து எலும்பு தெரியும் அளவுக்குக் காயம். அவனுக்கு அது தெரியவே இல்லை. பொதுவாக மனிதன் தன் முழு வலிமையைப் பயன்படுத்துவதில்லை, வலி அவனை முன்பே நிறுத்திவிடுகிறது. வலி இழந்த கைக்கு அத்தடை இல்லை. நவஜீவ நிலையத்தில் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடிப் பதிவு செய்யத் தொடங்கினர். சூடான பாத்திரம், உளியின் கைப்பிடியில் இருந்த பிளவு, விரலிடையே எரிந்து முடிந்த பீடி என ஏறத்தாழ எல்லாக் காயத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. காரணமின்றி இரவில் விரல் குறைந்தவர்களும் இருந்தனர். விழித்திருந்து கவனித்தபோது உறங்குபவரின் விரல்களை எலி கடித்துத் தின்பது தெரிந்தது. அதன் பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை ஒன்றும் உடன் அனுப்பப்பட்டது.

எலும்பைப் பொறுத்தவரை நிகழ்வது இதுதான். உணர்விழந்த விரலில் காயம் ஏற்படுகிறது. வலி இல்லாததால் அதே விரலால் வேலை தொடர்கிறது. புண்ணில் நோய்த்தொற்று எலும்பு வரை செல்கிறது. எலும்பின் சில துண்டுகள் வெளியேற, எஞ்சியதை உடல் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. நகம் மட்டும் பல வேளைகளில் குறுகிய விரலின் நுனியில் எஞ்சி நிற்கும். விரல் உதிர்ந்து விழுந்திருந்தால் நகம் அங்கே இருக்க வழியில்லை. காயத்தைத் தடுத்து, காயம்பட்ட விரலுக்கு ஓய்வு கொடுத்தால் எலும்பு குறைவதும் நிற்கும்.

பாதங்களும் இவ்வாறே. ஆறாத பாதப் புண்ணுக்கு மருந்தைவிட ஓய்வே தேவை. ஆனால் உழைத்துப் பிழைப்பவரை மாதக்கணக்கில் படுக்க வைக்க இயலாது. கால் முழுவதையும் அணைத்தாற்போல் மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிடும் முறையை இந்தியாவில் ஜோசப் கான் 1930களில் கையாண்டிருந்தார். பிராண்ட் அதை விரிவாகப் பயன்படுத்திப் பின்னர் அமெரிக்காவுக்கும் கொண்டு சென்றார். புண் ஆறியவர்களுக்கு நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான செருப்புகள் செய்யப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் நீரிழிவு நோயாளிகளுக்குத் தமிழகக் கடைகளில் இன்று விற்கப்படுவது இதன் வழிவந்ததே.

வளரும் எலும்புகள்

பிராண்டின் பணிகளில் குறைவாகவே பேசப்படுவது பிறவி வளைபாதத்துக்கு அவர் அளித்த சிகிச்சை. பாதம் உள்நோக்கித் திரும்பிப் பிறக்கும் குழந்தைகளுக்கு அது உரியது.

குழந்தையின் எலும்பு முழுமையாக எலும்பாக இருப்பதில்லை. பாதத்தின் சிறு எலும்புகள் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். நீண்ட எலும்புகளின் முனையருகே வளர்தகடு என்னும் குருத்தெலும்புப் படலம் உண்டு. எலும்பு நீள்வது இங்குதான். இப்படலம் நசுங்கினாலோ நோய்த்தொற்றால் அழிந்தாலோ எலும்பு குட்டையாகும். ஒரு பக்கம் மட்டும் சேதமுற்றால் வளரும்தோறும் கோணும். அளவுக்கு மிஞ்சிய அழுத்தம் வளர்ச்சியைத் தடுக்கும், அழுத்தம் குறைந்த பக்கம் கூடுதலாக வளரும். ஊட்டர்-வோல்க்மன் விதி என்று வழங்கும் இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. எனவே குழந்தையின் எலும்பைத் திருத்துவோருக்கு விசையே மருந்தும் நஞ்சும் ஆகும்.

இலண்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பிராண்ட் கற்றது, கையால் வலிந்து திருப்பிப் பாதத்தை நேராக்கும் முறை. அவ்வாறு நேரான பாதங்கள் பல ஆண்டுகளுக்குப் பின் விறைத்து வடுவேறி இருந்தன. வேலூரில் அவர் கண்டது வேறு. எச்சிகிச்சையும் பெறாமல் வளர்ந்தவர்களின் வளைந்த பாதங்கள், கோணலாக இருந்தும் மென்மையாகவும் வளையக்கூடியனவாகவும் இருந்தன. விறைப்பை உண்டாக்கியது நோய் அன்று, சிகிச்சையே என்ற கசப்பான முடிவுக்கு அவர் வந்தார். தம் ஆசிரியர்களிடம் கற்றதைத் தாமே மறுக்க வேண்டியிருந்தது.

அவர் கண்ட மாற்று முறை எளிமையானது. குழந்தையைப் பசியோடு அழைத்து வருமாறு தாயிடம் சொல்வார். தாய் பாலூட்டும்போது மருத்துவர் பாதத்தை மெல்லத் திருப்புவார். அவர் பார்ப்பது பாதத்தை அல்ல, குழந்தையின் முகத்தை. குழந்தை பால் குடிப்பதை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தால் விசை எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதற்குச் சற்று முன் நிறுத்தி மாவுக்கட்டுப் போடுவார். சில நாட்களில் அதைப் பிரித்து மீண்டும் சிறிது திருப்புவார். இழுக்கப்பட்ட திசு கிழியாமல் வளர்ந்து நீளும் என்பது இதன் கோட்பாடு. அமெரிக்காவின் அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி ஏறத்தாழ அதே காலத்தில் உருவாக்கிய மென்மையான மாவுக்கட்டு முறையே இன்று உலகெங்கும் வளைபாதத்துக்கு முதல் சிகிச்சையாக உள்ளது. விறைத்த விரல் கணுக்களை நீட்டவும் பிராண்ட் இதே படிப்படியான மாவுக்கட்டைப் பயன்படுத்தினார். ஓசூர், பேரிகை, கிருட்டிணகிரி போன்ற பகுதிகளின் தொழிற்கூடங்களில் எந்திரத்தில் சிக்கிக் காயமுறும் கைகளுக்கும் இக்கோட்பாடு அப்படியே பொருந்தும்.

வலியை உணரும் திறனின்றிப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். இக்குழந்தைகள் தம் விரலையே கடித்துக்கொள்வர், முறிந்த காலுடன் ஓடுவர். வளர்தகட்டில் ஏற்படும் முறிவு கண்டறியப்படாமல் போவதால் இவர்களது எலும்புகள் சிறு வயதிலேயே கோணிப்போகின்றன.

கரிகிரியும் மேரி வர்கீசும்

காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955 இல் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டது. காக்ரேனும் பிராண்டும் இதன் உருவாக்கத்தில் முன்னின்றனர். மரமற்ற கற்பாங்கான நிலமாக இருந்த அவ்விடத்தைப் பின்னாளில் மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிட்சி மரங்கள் வளர்த்துச் சோலையாக்கினார். பிற நாடுகளிலிருந்து அறுவை மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் இங்கு வந்து பயிற்சி பெற்றனர்.

பிராண்டின் மாணவர்களுள் மேரி வர்கீஸ் குறிப்பிடத்தக்கவர். ஜனவரி 1954 இல் நிகழ்ந்த ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இம்மருத்துவர், இனி மருத்துவப் பணி இல்லை என்று எண்ணியிருந்தபோது, அமர்ந்தபடியே செய்யத்தக்கது கை அறுவை என்று பிராண்ட் எடுத்துக்காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த அவர், பின்னர் அமெரிக்காவில் பயின்று வந்து வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். 1972 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அமெரிக்காவில்

1966 இல் பிராண்ட் குடும்பம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னும் இடத்தில் இருந்த அரசுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றது. அங்கு மறுவாழ்வுப் பிரிவின் தலைவராக 1986 வரை பணியாற்றினார். வேலூரில் கண்ணால் கண்டதை அங்குக் கருவிகளால் அளந்தார். ஒருமுறை விழும் பெரும் அடியைவிட, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் மிதமான அழுத்தமே உணர்விழந்த பாதத்தைப் புண்ணாக்குகிறது என்பதை எலிகளின் பாதங்களில் எந்திரம் கொண்டு தட்டிக் காட்டினார். நலமான மனிதன் நெடுந்தூரம் நடக்கும்போது தன்னை அறியாமலே நடையை மாற்றிச் சுமையை இடம் மாற்றுகிறான். உணர்விழந்தவர் முதல் அடி போலவே கடைசி அடியையும் வைக்கிறார். சாயம் நிரப்பிய நுண்ணிய உறைகள் பதித்த காலுறைகளை அணிவித்து, அழுத்தம் மிகுந்த இடத்தில் அவை உடைந்து நிறம் காட்டும்படியும் செய்தனர்.

செயற்கை வலி உணர்வை உருவாக்க அவர் எடுத்த முயற்சி தோல்வியடைந்தது. பொறியாளர்களின் துணையுடன் அழுத்த உணரிகள் பொருத்திய கையுறைகளும் காலணிகளும் செய்யப்பட்டன. ஆபத்தான அழுத்தம் ஏற்பட்டால் ஒலி எழும். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. ஒலிக்குப் பதிலாக உணர்வுள்ள பகுதியில் மின்னதிர்ச்சி தரப்பட்டது. வேலையை முடிக்க விரும்பிய நோயாளி மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். உணரிகளும் அடிக்கடி பழுதாயின. பல ஆண்டு உழைப்புக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது. அணைக்கும் பொத்தான் மனிதன் கையில் இருக்கும் வரை வலி பயன் தராது என்பதே அதில் கிடைத்த ஆய்வு முடிவு.

கார்விலில் உருவான பாதப் பாதுகாப்பு முறைகள் நீரிழிவு நோயாளிகளுக்கு விரிவாக்கப்பட்டன. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் அனைத்து ஆப்பிரிக்கத் தொழுநோய்ப் பயிற்சி மையம் அமைவதிலும் பிராண்ட் பெரும்பங்கு வகித்தார்.

விருதுகளும் நூல்களும்

1960 இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருதும் 1961 இல் பிரித்தானிய அரசின் சி.பி.இ. பட்டமும் பெற்றார். கையின் இயக்கவியல் பற்றி அவர் எழுதி 1985 இல் வெளிவந்த பாடநூல் கை அறுவை மருத்துவர்களிடையே பெரிதும் மதிக்கப்படுவது. அதில் மருத்துவச் சொற்களுக்கு இணையாக விசை, நெம்புகோல், இழுவிசை பற்றிய விளக்கங்கள் நிறைந்துள்ளன. எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து மனித உடல், இறை நம்பிக்கை, வலி ஆகியவற்றைப் பற்றி எழுதிய நூல்கள் பொதுமக்களிடையே புகழ் பெற்றவை. டோரதி கிளார்க் வில்சன் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1965 இல் வெளியானது.

இவ்வரலாறுகள் பெரும்பாலும் பிராண்டை மட்டுமே நடுவில் நிறுத்துகின்றன. தம் கைகளை முதன்முதலில் அறுவைக்கு ஒப்படைத்த நோயாளிகளும், தசைகளைச் சோதித்துப் பதிவு செய்த தமிழ்ப் பணியாளர்களும் அவற்றில் ஓரமாகவே வருகின்றனர்.

இறுதிக்காலம்

ஓய்வுக்குப் பின் வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் குடியேறி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஓய்வுநிலைப் பேராசிரியராக இருந்தார். ஜூலை 8, 2003 அன்று சியாட்டிலில் காலமானார். இவருக்கு ஆறு பிள்ளைகள். மார்கரெட் பிராண்ட் 2014 இல் மறைந்தார். தொழுநோய்க்கு 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை நோயாளிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. எனினும் 2023 ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்பட்டனர். நரம்பு சேதமுற்ற பின் வருவோருக்குத் தசைநாண் மாற்று அறுவை இன்றும் செய்யப்படுகிறது.

தாயார் எவலின் பிராண்ட், வயது கடந்ததைக் காரணம் காட்டிச் சபை அவரை ஓய்வு பெறச் செய்த பின்னும் தமிழகத்தை விட்டுச் செல்லவில்லை. ஏறத்தாழ எழுபது வயதில் தனியாக மலைக்குத் திரும்பி, குதிரை மீதேறி மலையூர்களுக்குச் சென்று பணி செய்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்த அவரது உடல் கொல்லிமலையில் ஜெசி பிராண்டின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.